திருவொற்றியூரில் பாட்டுக் கேட்டவர்கள்

இசை வரலாறு எழுதுவோர் பாடியவரைப் பற்றி எழுதுகிறார்கள்; இயற்றியவரைப் பற்றி எழுதுகிறார்கள்; புரந்தவர்களுக்கும் ஓரிரு பக்கங்கள் ஒதுக்குகிறார்கள். கேட்டவர்களைப் பற்றிப் பேச்சில்லை. கச்சேரி முடிந்து வீடு திரும்பும் வழியில் இருவர் என்ன பேசிக்கொண்டார்கள், எந்த இசைத்தட்டை எவரிடமிருந்து இரவல் வாங்கினார்கள், எந்தப் பாட்டின் பொருட்டு நண்பனோடு மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள் என்பவையெல்லாம் காற்றோடு போனவை. மயிலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்குமாவது நாளிதழ் விமரிசனங்களும் சபா மலர்களும் சாட்சியாக நிற்கின்றன. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் கடலோரத்திற்கு அதுவுமில்லை. அங்கே துறைமுகம் உண்டு, தொழிற்சாலை உண்டு, புகை உண்டு. காதும் உண்டென்று எழுதி வைத்தவர்களை நாங்கள் அதிகம் கண்டதில்லை. அந்தக் கரையில் வளர்ந்து, இன்று நாற்பதைக் கடந்துவிட்ட நண்பர்கள் சிலர் கூடிப் பேசியதன் தொகுப்பே இக்கட்டுரை.

தொடக்கத்தைத் தேடினால் கோயிலுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தியாகையர் சென்னைப் பக்கம் வந்தபோது, கோவூர் சுந்தரேச முதலியாரின் ஊரில் ஐந்து கிருதிகளும், திருவொற்றியூரில் வடிவுடையம்மன் மீது ஐந்து கிருதிகளும் பாடினார். ஒற்றியூர்ப் பாடல்கள் கல்யாணி, ஆரபி, பேகடா, சுத்தசாவேரி, சாவேரி ஆகிய ராகங்களில் அமைந்தவை. (பேகடாவை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்; கட்டுரையின் கடைசியில் அது திரும்ப வரும்.) அதே அம்மன் மீது, ஏறக்குறைய அதே காலப்பகுதியில், இராமலிங்க அடிகள் வடிவுடை மாணிக்க மாலையைப் பாடினார். ஒன்று தெலுங்கு, மற்றொன்று தமிழ். ஒன்று கச்சேரி மேடையேறி உலகெங்கும் சென்றது. மற்றொன்று வெள்ளிக்கிழமைகளில் பிராகாரம் சுற்றும் பெண்களின் வாயில் தங்கிற்று. ஒரே சந்நிதியில் இருவகைக் கேட்போர் உருவானார்கள். ஒருவர் கேட்பதை மற்றவர் கேட்டாரா என்பது எங்களை நெடுநாளாகத் தொடரும் கேள்வி. வடசென்னையின் இசை ரசனை இன்றுவரை இந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது என்றுகூடத் தோன்றுகிறது.

தியாகையரின் மாணவர் வீணை குப்பையர் திருவொற்றியூரில் பிறந்தவர். மகனுக்குக் குருவின் பெயரையே வைத்தார். திருவொற்றியூர் தியாகையர் (1845–1917) எனப்பட்ட அந்த மகன், தந்தையின் உருப்படிகளையும் தம்முடையவற்றையும் சேர்த்து 1900-இல் 'பல்லவி ஸ்வர கல்பவல்லி' என்று அச்சிட்டார். இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு 1902-இல் கல்கத்தாவில் தொடங்குகிறது. அதற்கு ஈராண்டு முன்னரே, தேர்ந்தெடுத்த பாடல்களை ஒரு கட்டாகத் தொகுத்துக் கையில் கொடுத்துவிட்டார் ஒரு திருவொற்றியூர்க்காரர்.

கோயிலுக்குத் தெற்கே சில கல் தொலைவில் வேறொரு செவி மரபு. ராயபுரத்தில் தங்கி வாழ்ந்த சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு 1838-இல் மறைந்தார். அவர் தொண்டியிலிருந்து வந்தவர், ஆகவே 'தொண்டியார்', ஆகவே தண்டையார்பேட்டை என்று எங்கள் பகுதியில் சிறு பிள்ளைகூடச் சொல்லும். சுவையான கதை, ஆனால் கும்பினியார் 1693-இலேயே தொண்டையார்பேட்டை என்ற கிராமத்தைப் பெற்றதாகப் பதிவுகள் இருப்பதால் கதை நிற்காது. அதனாலென்ன, ஒரு பாடகரின் பெயரால்தான் தம் பேட்டை அமைந்தது என்று நம்ப விரும்பிய மக்கள் அவர்கள் என்பதே எங்களுக்குப் போதுமானது. கானாப் பாடகர்கள் தம் பரம்பரையைச் சொல்லும்போது சித்தர்களையும் மஸ்தான் சாகிபையும் சேர்த்தே சொல்கிறார்கள். இறந்தவர் வீட்டு வாசலில் இரவு முழுதும் நிலையாமையைப் பாடும் மரண கானாவைக் கேட்டவர்கள் அந்த உரிமையை எளிதில் மறுக்கமாட்டார்கள். திருவொற்றியூர்க் கடற்கரையில் அடங்கிய பட்டினத்தாரின் ஊர்க்காரர்கள் வேறெதைப் பாடுவார்கள்!

இசைத்தட்டுக் காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடமே ஓடும் அந்தத் தட்டுகளும் பெட்டிகளும் ஜார்ஜ் டவுன் மாடிகளுக்கு உரியவையாக இருந்தன. அங்கே வீணை தனம்மாளின் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடியவர்கள் மூச்சுவிடும் ஓசை கேட்காமல் அமர்ந்திருந்ததாகச் சொல்வார்கள். ராயபுரம் பாலத்திற்கு இப்பால் இசைத்தட்டு என்பது கல்யாணத்திற்கும் காதுகுத்துக்கும் குழாய் ஒலிபெருக்கி கட்டுகிறவரின் சொத்து. அவர் போட்டதைத் தெரு முழுவதும் கேட்டது. தேர்வு அவருடையது, கருத்து தெருவுடையது. பிறகு இலங்கை வானொலி வந்தது. எங்கள் அத்தைமார்களும் சித்தப்பாக்களும் நேயர் விருப்பத்திற்குத் தபாலட்டை எழுதிப்போட்டு, அறிவிப்பாளர் தம் பெயரை வாசிக்கும் நாளுக்காக வானொலிப் பெட்டியின் அருகில் காத்திருந்தார்கள். பாடலைவிடப் பெயர்ப் பட்டியல்தான் நீளம் என்று கேலி பேசியவர்கள் உண்டு. பெயரும் ஊரும் சேர்ந்து கடல் கடந்து ஒலித்ததில் இருந்த பெருமிதம் கேலி பேசியவர்களுக்குப் புரிந்திராது.

கேசட் வந்தபோதுதான் தேர்வு கேட்பவன் கைக்கு வந்தது. ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய அந்தச் சிறு பெட்டி, எழுபதுகளின் இறுதியில் எங்கள் தெருக்களுக்குள் நுழைந்தது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்த டேப் ரெக்கார்டர்கள் ஒரு வழி. கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் அறுபதுகளின் இறுதியில் கடை விரித்த பர்மா பஜார் மற்றொரு வழி. துறைமுகத்தை ஒட்டிய பகுதி என்பதால் இவ்வகைப் பொருள்கள் எங்களுக்குச் சற்று முன்னதாகவே வந்து சேர்ந்தன.

அக்காலத்தில் வீடு வீடாக ஒலித்த கேசட்டுகளில் பாட்டே இல்லாதவையும் உண்டு என்பதை இன்றைய இளைஞர்கள் நம்பமாட்டார்கள். 'திருவிளையாடல்' வசனமும், 1984-இல் வந்த 'விதி' படத்தின் நீதிமன்றக் காட்சிகளும் தேநீர்க் கடைகளில் நாள் முழுவதும் ஓடின. வாதி பேசும் வசனத்தை முந்திக்கொண்டு பெஞ்சில் இருப்பவர்கள் பேசுவார்கள். பிடித்த கேசட் எது என்று அன்று ஒரு கணக்கெடுப்பு நடந்திருந்தால், இசைக்கு எவ்வளவு வாக்குக் கிடைத்திருக்கும் என்பது ஐயமே.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தேரடி, காலடிப்பேட்டை, டோல்கேட் எங்கும் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் இருந்தன. நாம் எழுதிக்கொடுக்கும் பட்டியலை வாங்கிப் பார்ப்பவர் முதலில் கேட்பது, "அறுபதா, தொண்ணூறா?" என்பது. அதன்பின் பட்டியலின் மேல் ஒரு பார்வை. அந்தப் பார்வைக்கு நாங்கள் அஞ்சினோம். "தம்பி, இந்தப் பாட்டுக்கு அப்புறம் இதைப் போட்டா எடுபடாது, ரெண்டும் ஒரே தாளம்" என்று பேனாவால் அம்புக்குறி போட்டு வரிசையை மாற்றுவார். பக்க இறுதியில் மிச்சமாகும் அரை நிமிடத்தை ஏதேனும் பின்னணி இசைத் துண்டால் நிரப்பித் தருவார். அது அவர் கையெழுத்து. இன்ன துண்டில் முடிந்தால் இன்ன கடை என்று எங்களால் சொல்லிவிட முடியும். தமிழில் இசை விமரிசனம் எழுதியவர்கள் எத்தனையோ பேர். எங்களுக்கு முதன்முதலில் ராகத்தையும் தாளத்தையும் காதால் பிரித்துக் காட்டியவர்கள் இந்தக் கடைக்காரர்கள்தாம்.

1986-இல் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' வெளியானது. தியாகையருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்ட இசைக்கோவை, வி. எஸ். நரசிம்மனின் வயலின். அப்போது நாங்கள் சிறுவர்கள். ஆனால் பத்தாண்டுகளுக்குப் பிறகும் அந்த வழக்கு எங்கள் பெஞ்சில் முடியாமல் இருந்தது. லேலண்டிலும் என்ஃபீல்டிலும் முறைவேலை பார்த்த அண்ணன்மார்கள் இரண்டு கட்சியாக இருந்தார்கள். "பாட்டில்லாத கேசட்டுக்கு எதுக்குப்பா காசு?" என்பது ஒரு கட்சி. மற்றக் கட்சியின் தலைவர், கடைசல் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். ஒரு வயலின் ஓடும்போது இன்னொன்று அதைத் துரத்திக்கொண்டு வருவதை மேசைமேல் இரண்டு கை விரல்களால் நடத்திக் காட்டுவார். ஃபியூக் என்ற சொல்லை அவர் அறிந்திருக்கவில்லை; பொருளை அறிந்திருந்தார். தியாகையர் நேரில் நின்று பாடிய ஊரில், அவருக்குக் காணிக்கையான இசையைப் பற்றி இவ்வளவு காரசாரமாக விவாதித்தவர்களில் ஒருவருக்கும் அவர் இங்கே வந்து பாடியது தெரியாது என்பதுதான் வேடிக்கை. எங்களுக்கும் தெரியாது. முதுகலை படிக்கும்போது ஒரு நூலகத்தில்தான் அறிந்தோம்.

1992-இல் 'ரோஜா' வந்தபின் பெஞ்சு வேறுவிதமாகப் பிளந்தது. அதைப் பற்றித் தமிழ்நாட்டில் எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒன்றை மட்டும் சேர்க்கலாம்: எங்கள் பகுதியில் அந்தச் சண்டை பெரும்பாலும் ஒலிபெருக்கிகளைப் பற்றியதாகவே இருந்தது. பழைய ஒற்றை ஸ்பீக்கரில் ரகுமானின் அடித்தள ஒலி கரகரத்தது. புதுப் பெட்டி வாங்க முடிந்தவர்கள் புதிய இசையின் பக்கம் சாய்ந்தார்கள். ரசனை என்று நாம் சொல்வதில் சம்பள உயர்வுக்கும் பங்கு உண்டு.

இனி எங்கள் குற்றத்தைச் சொல்லவேண்டும். எங்களுள் ஒருவனுடைய தாத்தா இறந்தபோது காசிமேட்டிலிருந்து ஒரு முதியவர் வந்து விடியும்வரை கானா பாடினார். ஆர்மோனியம், டோலக், தகரத்தில் ஒரு தாளம். இறந்தவரின் பெயர், அவர் ஓட்டிய கட்டுமரம், கொடுத்த கடன், கொடுக்காமல் விட்ட கடன் எல்லாம் அங்கேயே பாட்டாயின. யாரோ ஒருவர் அதைத் தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பதிந்து வைத்தார். அழியாதிருக்கப் பின்புறத்துப் பொத்தானையும் உடைத்து வைத்தார். ஈராண்டு கழித்து ஒரு புதுப்படப் பாடல்களைப் பதிய எங்களிடம் வெற்றுக் கேசட் இல்லை. உடைந்த துளையில் காகிதத்தை மடித்துச் செருகி, அந்தக் கேசட்டின் மேலேயே பதிந்தோம். சாவுப் பாட்டை வீட்டில் வைத்திருப்பது நல்லதல்ல என்று பெரியவர்கள் சொன்னதும் வசதியாயிற்று. ஆனால் உண்மைக் காரணம் அதுவன்று. அதை இசை என்று நாங்கள் எண்ணவில்லை. எங்கள் பட்டியல்களில் எதிலும் அது இடம்பெறவில்லை. ஒவ்வோர் இறப்பிற்கும் புதிதாகக் கட்டப்படும் பாட்டு அது. இரண்டாம் பிரதி கிடையாது. பாடியவரும் பிறகு காலமாகிவிட்டார்.

கானாவை ஊர் கேட்கத் தொடங்கியதற்குத் திரைப்படம் தேவைப்பட்டது. தொண்ணூறுகளில் தேவா அதன் மெட்டையும் சொல்லையும் படங்களில் பரவலாக்கினார். 2006-இல் மிஷ்கினின் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதன் தாமே தோன்றிப் பாடிய மீன் கல்யாணப் பாட்டு மாநிலம் முழுவதும் ஒலித்தது. 2012-இல் 'அட்டகத்தி'யில் கானா பாலா. 2018 ஜனவரியில் பா. இரஞ்சித்தின் முயற்சியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது, அக்குழுவில் ராயபுரத்துப் பெண் இசைவாணி கானா பாடினார். ஆண்களின் குரலாகவே அறியப்பட்ட வடிவம் அது. 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. முன்பு எங்கள் தெருவில் கானாவைக் குடிகாரன் பாட்டு என்றவர்களே "நம்ம ஏரியாப் பொண்ணு" என்று பேசினார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் திரை எடுத்துக்கொண்டது கானாவின் துள்ளலையே மிகுதியும். இரவின் இரண்டாம் சாமத்தில் மெல்ல இறங்கும் அந்தப் பகுதி இன்னும் வாசல் பந்தலிலேயே இருக்கிறது.

அதற்கு எதிர்த் திசையிலும் ஒரு பயணம் நடந்தது. 2017 ஜனவரியில் டி. எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' பாடிய காணொளி வெளியாயிற்று. கபேர் வாசுகியின் சொற்கள் சென்னைத் தமிழில் அமைந்தவை, ஆர். கே. ஸ்ரீராம்குமார் அவற்றை ஆனந்தபைரவி, பேகடா முதலிய ராகங்களின் மாலிகையாக அமைத்தார். ஊருக்குப் பொதுவான நிலத்தைக் குறித்த சொல் எவ்வாறு வசையாயிற்று, சாம்பல் கொட்டப்பட்ட கழிமுகம் எவ்வாறு புறம்போக்காயிற்று என்பதே பொருள். அதே மாதம் 28-ஆம் நாள் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெங்கும் படிந்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மீண்டும் கழிமுகத்தில் எண்ணெய்.

அந்தப் பாடலைப் பற்றி இலக்கிய நண்பர்களிடையே நிறைய விவாதித்தோம். கர்நாடக சங்கீதத்தில் சென்னைத் தமிழ் பொருந்துகிறதா என்பதிலேயே பாதி நேரம் போயிற்று. எங்களுக்குப் பொருந்தியதாகவே பட்டது. ஒற்றியூரில் ஒரு தெலுங்குக் கிருதியாக ஒலித்த பேகடா, இத்தனை காலம் கழித்து எட்டு, பத்துக் கிலோமீட்டர் வடக்கே போய் எங்கள் பேச்சு மொழியில் ஒலித்தது என்று ஒரு கூட்டத்தில் சொல்லிப் பெருமையும் பட்டோம்.

சென்ற ஆண்டு, எங்களோடு பள்ளியில் படித்து இன்று கழிமுகத்தில் வலை வீசும் நண்பனிடம் அந்தக் காணொளியைக் காட்டினோம். முழுவதும் பார்த்தான். "நல்லா கீது வாத்தியாரே. ஆனா அவுரு நிக்கிற எடத்துல அப்ப தண்ணி இருக்கும். இப்ப இல்ல" என்றான். ராகத்தைப் பற்றிக் கேட்டோம். "நடுவுல ஒரு எடம் எறங்குது பாரு, அது சாவுப் பாட்டு மாதிரி கீது" என்றான். எந்த இடம் என்று ஓட்டிக் காட்டச் சொன்னோம். காட்டினான். அது பேகடாவா என்று துணிந்து சொல்லும் அளவுக்கு எங்களில் எவருக்கும் ஞானம் போதாது.

இப்போது என்ன கேட்கிறாய் என்றதற்குத் தன் கைப்பேசியை எடுத்து, மாமனின் மறைவன்று தானே பதிந்த நாற்பது நிமிடக் கானாவை ஒலிக்கவிட்டான். காற்றும் நாயின் குரைப்பும் கலந்த பதிவு. மாமன் நண்டு பிடித்த இடங்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. அவற்றுள் பாதி எங்களுக்குத் தெரியாதவை. வேறெங்காவது நகல் வைத்திருக்கிறாயா என்று கேட்டோம். இல்லை என்றான். அங்கேயே எங்கள் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டோம். கழிமுகத்தில் இணைப்பு விட்டுவிட்டு வந்ததால், அது வந்துசேர இரண்டு தேநீர் ஆயிற்று.