எழுத்துருப் பதிப்புகளும் அலுவலக ஆவணங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழ் எழுத்துருக்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் வடிவழகையே கருத்திற் கொள்வர். ஆயின், ஓர் அலுவலகத்தின் கணினிகளில் வெவ்வேறு பதிப்பினவான எழுத்துருக்கள் இருத்தல் ஆவணங்களின் நம்பகத்தன்மையையே பாதிப்பதாகும். இதனை வெறுந் தொழினுட்பக் குறைபாடென ஒதுக்காது, அதன் வரலாற்றுத் தோற்றத்தை நாம் நோக்குதல் வேண்டும்.

பாமினி முதலிய தொடக்ககால எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்களுக்குரிய குறியீட்டிடங்களிலே தமிழ் வடிவங்களை அமைத்தன. ஆதலின், உரிய எழுத்துரு நிறுவப்படாத கணினியில் தமிழ்க் கடிதமொன்று பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகவே தோன்றிற்று. 1991 இல் வெளியான ஒருங்குறி, எழுத்தின் குறியீட்டை அதன் வடிவத்தினின்றும் வேறுபடுத்தியது. விண்டோஸ் 2000 உடன் வந்த லதா எழுத்துரு இம்முறையைச் சாதாரண அலுவலகங்களுக்கும் எட்டச் செய்தது. இலங்கையில் 2008 ஆம் ஆண்டின் தர நிர்ணயமும் தமிழ்நாட்டில் 2010 ஆம் ஆண்டின் அரசாணையும் ஒருங்குறியை ஏற்றன.

எனினும், முரண்பாடு முற்றாக நீங்கவில்லை. அது புதிய வடிவம் பெற்றது. 2005 இல் ஒருங்குறியின் 4.1 ஆம் பதிப்பிலேயே 'ஶ' என்னும் எழுத்துக்குத் தனியிடம் கிடைத்தது. அதற்கு முன்னர் 'ஸ்ரீ' என்பது ஸகரத்தைக் கொண்டே உள்ளிடப்பட்டது. பின்னர் ஶகரத்தைக் கொண்டு உள்ளிடுவதே முறையெனக் கொள்ளப்பட்டது. இன்றைய எழுத்துருக்கள் பலவற்றில் இரண்டும் ஒரே வடிவமாகவே தோன்றும். பழைய பதிப்பிலோ ஶகரம் வெற்றுக் கட்டமாகிவிடும். ஸ்ரீதரன் என்னும் பெயர் ஒரு பதிவேட்டில் ஒருவாறும் மற்றொன்றில் வேறுவாறும் உள்ளிடப்படின், கண்ணுக்கு ஒன்றாயினும் கணினித் தேடலில் அவை இரு பெயர்களாகலாம். இதன் விளைவை அனுபவிப்பவர் சான்றிதழ் வேண்டி நிற்கும் சாதாரண குடிமகனே என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒரே பெயருடைய எழுத்துருவாயினும், பதிப்புக்குப் பதிப்பு எழுத்தின் அகலம் மாறின் வரிகளும் பக்கங்களும் இடம்பெயரும். பக்க எண் கொண்டு சுட்டும் ஆவணங்களுக்கு இது சிறு குறையன்று.

ஆகவே, ஒவ்வொரு கணினியிலும் உள்ள எழுத்துருக்களையும் அவற்றின் பதிப்பெண்களையும் முதலிற் பட்டியலிடல் வேண்டும். ஒரு பதிப்பைத் தெரிந்து, ஓரிடத்திலிருந்தே யாவற்றுக்கும் வழங்குதல் வேண்டும். பழைய எழுத்துருக்களை நீக்குமுன் அவற்றில் அமைந்த கோவைகளை ஒருங்குறிக்கு மாற்றி, மூலப்பிரதியுடன் ஒப்புநோக்கல் இன்றியமையாதது. நிலையாகப் பேணவேண்டியவற்றை, எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். வடிவிற் சேமித்தல் தகும்.

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. சட்டம் வழங்கிய அவ்வுரிமை நடைமுறையில் நிலைபெறுவதற்கு, ஓர் அலுவலகத்தில் எழுதப்பட்ட தமிழ் மற்றோர் அலுவலகத்திலும் பிழையின்றி வாசிக்கப்படல் வேண்டும். எழுத்துருவைப் பேணுதல் அவ்வகையில் நிருவாகப் பொறுப்பேயாகும். அதனைத் தனியொரு தட்டெழுத்தாளரின் திறமைக்கு விட்டுவிடுதல் பொருந்தாது என்பதே எமது முடிபு.