கதவுல இடிச்சுக்கிட்டேன்

கண்ணு வீங்கி ஆஸ்பத்திரிக்கு வர்ற பொம்பளைங்க சொல்ற பழைய சாக்கு இது. நம்மூர்ல பாத்ரூம்ல வழுக்கி விழுவாங்க, அங்கே கதவுல இடிச்சுக்குவாங்க. அவ்ளோதான் வித்தியாசம். இந்தச் சாக்கையே தலைப்பா வெச்சு, 1996ல அயர்லாந்து எழுத்தாளர் ராடி டாய்ல் எழுதின நாவல்தான் 'த உமன் ஹூ வாக்ட் இன்டு டோர்ஸ்'.

டாய்ல் டப்ளின்காரர், பள்ளிக்கூட வாத்தியாரா இருந்தவர். 'த கமிட்மென்ட்ஸ்' மாதிரி சிரிக்க வைக்கிற கதைகளால ஜனங்களுக்குப் பிடிச்சுப்போனவர். 1993ல புக்கர் பரிசும் வாங்கிட்டார். அடுத்த வருஷமே டிவிக்கு 'ஃபேமிலி'ன்னு நாலு பகுதித் தொடர் எழுதினார் பாருங்க, நாடே கொதிச்சுப்போச்சு. பெண்டாட்டியை அடிக்கிற சார்லோ, அடி வாங்கற பௌலா. ஏழை பாழைகளைக் கேவலப்படுத்திட்டார்னு ஒரு பக்கம் திட்டு. கல்யாணத்துக்கே வேட்டு வைக்கறார்னு இன்னொரு பக்கம்.

காலத்தையும் கவனிங்க. அப்போ அயர்லாந்துல விவாகரத்தே கிடையாது. 1937 அரசியல் சட்டமே தடுத்திருந்தது. 1986ல வாக்கெடுப்பு வெச்சப்போ மக்கள் வேண்டாம்னுட்டாங்க. 1995 நவம்பர்ல மறுபடி வெச்சாங்க. பதினாறு லட்சத்துக்கும் மேல விழுந்த ஓட்டுல, தடை நீங்கினது வெறும் 9,114 ஓட்டு வித்தியாசத்துலதான்!

அதுக்கு அடுத்த வருஷம்தான் நாவல். இதுல பௌலாவே தன் கதையைச் சொல்றா. டாக்டர் பாக்கறார், நர்ஸ் பாக்கறாங்க. குடிச்சிருக்காளான்னு மட்டும் மோப்பம் பிடிக்கறாங்க. யார் அடிச்சதுன்னு ஒருத்தரும் கேக்கலை. யாராவது கேக்க மாட்டாங்களான்னு அவ உள்ளுக்குள்ள தவிக்கறா. "அவ ஏன் விட்டுட்டு வரலை?"ன்னு கேட்டே நமக்குப் பழக்கம். டாய்ல் கேள்வியை நம்ம பக்கம் திருப்பறார்: பாத்துக்கிட்டே இருந்த நீங்க ஏன் கேக்கலை?

கடைசியில ஒருநாள் வாணலியால போட்டுச் சாத்தி அவனை வெளிய துரத்தறா. தனக்காக இல்லீங்க. பெத்த மகளை அவன் பாத்த பார்வை சரியில்லைன்னு. தன் உடம்புல விழுந்த அத்தனை அடியும் அவளுக்கே ஒரு காரணமாத் தெரியலை பாருங்க, அந்த இடத்துல புத்தகத்தை மூடி வெச்சுட்டேன்.

பௌலாவை டாய்ல் அதோட விட்டுடலை. 2006லயும் 2024லயும் அவளை வெச்சே நாவல் எழுதியிருக்கார். சட்டமும் மெதுவா நகர்ந்தது. துணையைக் கட்டுப்படுத்தி, மிரட்டி வெச்சிருக்கறதும் 2019லேருந்து அங்கே குற்றம்.

ஆனா சட்டம் வீட்டுக்குள்ள எட்டிப் பாக்காது. பக்கத்து வீட்டுக்காரங்க, சொந்தக்காரங்க, டாக்டர், நாமதான் பாக்கறோம். அடுத்த தடவை யாராவது கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொன்னா, தனியாக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.