உல்தாள் தயங்கவில்லை

விவிலியத்தின் பெரிய தீர்க்கதரிசிகள் பலர் முதலில் மறுக்கிறார்கள். எரியும் முட்செடியின் முன் நின்ற மோசே, தனக்கு நாக்குத் திருந்தாது என்கிறார். வேறு யாரையாவது அனுப்பும் என்றுகூடக் கேட்டுப்பார்க்கிறார். ஏசாயா தன் உதடுகள் அசுத்தமானவை என்று அலறுகிறார். எரேமியா, நான் சிறுபிள்ளை, எனக்குப் பேசத் தெரியாது என்கிறார். யோனா வாதாடக்கூட நிற்கவில்லை. யோப்பா துறைமுகத்துக்குப் போய், எதிர்த்திசையில் போகும் கப்பலுக்குக் கூலி கொடுத்து ஏறிவிடுகிறார்.

தயங்கியவன் தானாகப் பேசவில்லை, பேச வைக்கப்பட்டான்; ஆகவே அவன் சொல் அவனுடையதல்ல. இதை நிறுவத்தான் இந்தக் கதைகளில் மறுப்பு வருகிறது. பல ஆண்டுகள் இதைப் பணிவு என்றே வாசித்துவந்தேன். இப்போது அப்படித் தோன்றுவதில்லை. வேண்டாம் என்று சொன்ன பிறகும் விடாமல் அழைப்பார்கள் என்ற உறுதி இருப்பவர்தான் மறுக்க முடியும். ஒருமுறை ஒரு கருத்தரங்கில் பேச அழைத்தவரிடம், மரியாதைக்காக, "என்னைவிடத் தகுதியானவங்க இருக்காங்களே" என்றேன். "சரிங்க மேடம்" என்று ஃபோனை வைத்துவிட்டார்.

எபிரேய விவிலியம் ஐந்து பெண்களை நெபியா, அதாவது தீர்க்கதரிசி, என்று பெண்பாலில் அழைக்கிறது. மிரியாம், தெபொராள், உல்தாள், நொவதியாள், பிறகு பெயரே சொல்லப்படாத ஏசாயாவின் மனைவி. ஐவரில் ஒருவருக்கும் அழைப்புக் கதை இல்லை. தெய்வக் குரல் எங்கே, எப்போது வந்தது, கேட்டு நடுங்கினார்களா என்று எழுத யாரும் மெனக்கெடவில்லை. ஆகவே உல்தாளை நாம் சந்திக்கும்போது அவள் ஏற்கெனவே தீர்க்கதரிசி. (சாராள், லேயாள், அன்னாள் வரிசையில் உல்தாள். எபிரேயப் பெண்பெயர்களின் ஈற்றில் ஒரு 'ள்' சேர்த்து அவர்களைத் தமிழ்ப் பெண்களாக்கிய மொழிபெயர்ப்பாளர்களின் காது எனக்குப் பிடிக்கும்.)

பொது ஆண்டுக்கு முன் 622. யூதாவின் அரசன் யோசியாவுக்கு 26 வயது. எட்டு வயதில் அரியணை ஏறியவன். எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது தலைமை ஆசாரியன் இல்க்கியா ஒரு சட்டச் சுருளைக் கண்டெடுக்கிறான். எழுத்தன் சாப்பான் அதை அரசனுக்கு வாசிக்கிறான். அரசன் தன் உடையைக் கிழித்துக்கொள்கிறான். இது உண்மையில் கடவுளின் சொல்தானா, இனி நமக்கு என்ன நடக்கும் என்று கேட்டுவர ஐந்து பேரை அனுப்புகிறான். தலைமை ஆசாரியனும் அவர்களில் ஒருவன். ஆலயத்தில் இருந்தவன் ஆலயத்துக்கு வெளியே, மிஷ்னே என்ற நகர்ப்பகுதிக்கு, ஒரு பெண்ணின் வீடு தேடிப் போகிறான். அவள் சல்லூமின் மனைவி. சல்லூம் உடைகளுக்குப் பொறுப்பாளன். மிஷ்னே என்றால் இரண்டாவது பகுதி, அவ்வளவுதான். 1611இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அதைக் 'கல்லூரி' என்று எழுதியது. விரிவுரையாளரான எனக்கு அந்தப் பிழையைத் திருத்த மனமில்லை.

உல்தாள் விழவில்லை, அழவில்லை, நான் எதற்கு என்று கேட்கவில்லை. பிரதியில் அவளுடைய முதல் சொற்களே கடவுளின் சொற்கள். அடுத்து, உங்களை என்னிடம் அனுப்பிய அந்த மனிதனிடம் போய்ச் சொல்லுங்கள் என்கிறாள். அரசனிடம் என்று சொல்லவில்லை. சுருளில் உள்ள கேடெல்லாம் இந்த நகரத்தின்மேல் வரும். அந்த மனிதனோ மனம் இளகி அழுதபடியால் அதைப் பார்க்கமாட்டான், அமைதியாகக் கல்லறை சேர்வான். பேச்சு இதோடு முடிகிறது.

பாபிலோனியத் தால்மூதின் மெகில்லா பகுதியில் ரபிகள் இதை விவாதிக்கிறார்கள். பெண்ணுக்குத் திமிர் ஆகாது என்கிறார் ராவ் நஹ்மான். தெபொராள் என்றால் குளவி, தேனீ. உல்தாள் என்றால் பொந்தில் வாழும் ஒரு சிறு விலங்கு. திமிர் பிடித்த இருவருக்கும் பெயர்கள் அருவருப்பாக அமைந்துவிட்டன என்பது அவர் வாதம். உல்தாளின் குற்றம் 'அந்த மனிதனிடம்' என்ற ஒற்றைச் சொல். எரேமியா இருக்கும்போது இவளிடம் ஏன் போனார்கள் என்ற கேள்வியும் எழுகிறது. நியாயமான கேள்வி, எரேமியா அப்போது அழைப்பைப் பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. கிடைக்கும் விடைகள்: அவள் அவருக்கு உறவு, அதனால் அவர் வருத்தப்படமாட்டார், பெண்கள் இரக்கமுள்ளவர்கள், எரேமியா ஊரில் இல்லை. அவளுக்குத் தெரியும் என்பதால் போனார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் கொண்டாட வசதியான கதை. பெண்ணியவாதிகளான நாங்களும் அப்படிக் கொண்டாடியிருக்கிறோம்: ஒரு பிரதியை முதன்முதலில் மறைநூல் என்று உறுதிசெய்தவள் ஒரு பெண். ஆனால் எந்தப் பிரதி? 1805இல் டி வெட்டெ என்ற ஜெர்மானிய அறிஞர் முன்வைத்ததிலிருந்து, கண்டெடுக்கப்பட்ட சுருள் உபாகமத்தின் ஒரு பழைய வடிவம் என்றே ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். இன்றுள்ள உபாகமத்தின் 22ஆம் அதிகாரத்தை என் மாணவிகளோடு சேர்ந்து வாசிக்க எனக்கு இன்னும் கூச்சம் உண்டு. கன்னிமைக்குத் துணியைச் சாட்சியாகக் காட்ட முடியாத மணப்பெண்ணைத் தகப்பன் வீட்டு வாசலில் கல்லெறிந்து கொல்லச் சொல்லும் சட்டம் அங்கேதான் இருக்கிறது.

உல்தாளின் சொல் வந்ததும் யோசியாவின் சீர்திருத்தம் தொடங்குகிறது. அதில் இடிக்கப்பட்டவற்றில், ஆலய வளாகத்திலேயே பெண்கள் அசேரா என்ற தெய்வத்துக்காக நெய்துகொண்டிருந்த வீடுகளும் அடக்கம். அசேரா பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் பல இடங்களில் 'தோப்பு' ஆகிவிடுகிறாள், பெயரே போய்விட்டது. சினாய்ப் பாலையின் குந்திலத் அஜ்ருத்தில் 1970களின் நடுவில் தோண்டியெடுத்த சாடிகளில் யாவேயையும் 'அவருடைய அசேரா'வையும் சேர்த்து எழுதிய ஆசீர்வாதங்கள் இருந்தன. யூதாவின் வீடுகளில் சுடுமண் பெண் உருவங்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அந்த வழிபாட்டைத்தான் உல்தாள் கண்டித்தாள். அவள் பேச்சிலேயே அது இருக்கிறது. அவளை யாரும் ஏமாற்றவில்லை. தனக்கு வந்த சொல்லை அவள் நம்பினாள்.

அதில் ஒரு பகுதி பொய்த்தும் போனது. 609இல் மெகிதோவில் பார்வோன் நேகோவின் கையில் யோசியா கொல்லப்பட்டான், 39 வயதில். உடல் தேரில் எருசலேமுக்கு வந்தது. சொன்னது நடக்காவிட்டால் அது கடவுள் சொல்லாத சொல் என்று விதிப்பதும் அதே உபாகமம்தான். ஆனாலும் அவள் சொற்களைத் தொகுப்பாளர்கள் திருத்தாமல் விட்டுவைத்தார்கள். பின்னால் யாரோ இட்டுக்கட்டியிருந்தால் இந்தப் பிழை இருந்திருக்காது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அவள் பேசியதற்கு நம்மிடம் மிஞ்சியிருக்கும் நல்ல சான்று அவளுடைய தவறு.

சுருளை மக்கள் முன் அரசனே வாசித்தான். பெரியவர்களும் ஆசாரியர்களும் தீர்க்கதரிசிகளும் கூடியிருந்தார்கள் என்று அடுத்த அதிகாரம் சொல்கிறது. உல்தாளின் பெயர் அங்கே இல்லை. நெய்த பெண்களுக்குப் பெயரே தரப்படவில்லை. இடிக்கப்பட்ட வீடுகளைப் பற்றிய ஒரே வசனத்தில், தறியோடு, வந்து போகிறார்கள்.