பெயரும் பந்தும்: கல்கத்தா முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் கதை

உலகக் கிண்ண உதைபந்தாட்டக் காலம் வந்துவிட்டால் முந்தலில் தென்னை மரங்களிலும் பிரேஸில் கொடி ஏறிவிடும். 2022இலும் அப்படித்தான். அந்த மஞ்சள் ஜேர்சி மோகத்தில் பிறந்ததுதான் எங்களூர் இளைஞர்களின் புதிய அணி. பதிவுப் படிவத்தோடு என்னிடம் வந்து, "சேர், பேர் ஒன்டு வெச்சித் தாங்க" என்றார்கள். அவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். பெயரில் 'முஸ்லிம்' என்ற சொல் கட்டாயம் வரவேண்டும் என்றான் ஒருவன். "அப்ப கோல் காக்கிற உடப்புப் பொடியன் எங்க போற?" என்று கேட்டான் இன்னொருவன். வந்தவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள்.

அவர்களுக்கு உடனே விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு கழகத்தின் கதையைச் சொன்னேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

1891இல் கல்கத்தாவில் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் தொடங்கப்பட்டது. 'முஹம்மதன்' என்பது நாம் நமக்கு வைத்துக்கொண்ட பெயரல்ல. ஆங்கிலேயர் அழைத்த பெயர். போர்த்துக்கேயர் நம்மை 'மூர்' என்றழைக்க, அதுவே பின்னர் நமது பதிவேடுகளில் நிலைத்தது போன்றதே அதுவும். பிறர் வைத்த பெயரையே கழகத்தின் முகவரியாக்கி மைதானத்தில் இறங்கினார்கள் கல்கத்தா முஸ்லிம்கள்.

அக்காலக் கல்கத்தாவில் உதைபந்தாட்டம் வெள்ளையரின் கோட்டை. 1898இல் ஆரம்பமான கல்கத்தா லீக்கின் முதற்பிரிவில் இந்திய அணிகளுக்குத் தொடக்கத்தில் இடமில்லை. பின்னரும் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் அனுமதியில்லை என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 1911இல் மோகன் பகான் அணி கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது உண்மைதான். ஆனால் லீக் சம்பியன் பட்டம் மட்டும் எந்த இந்திய அணிக்கும் எட்டவில்லை.

1934இல் முதற்பிரிவுக்கு முதன்முறையாக ஏறிவந்த முஹம்மதன் ஸ்போர்ட்டிங் அந்த ஆண்டே சம்பியனானது. முப்பத்தாறு ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பட்டம் அவர்களிடமே இருந்தது. 1936இல் ஐ.எப்.ஏ. கேடயமும் சேர்ந்தது. கவிஞர் நஸ்ருல் இஸ்லாமும் அவர்களைப் பாராட்டி எழுதினார்.

இந்த வெற்றி ஆவேசத்தால் மட்டும் வந்ததல்ல. கல்கத்தாவில் உதைபந்தாட்டப் பருவம் மழைக்காலத்தில் வரும். சேற்றில் வெறுங்கால் வழுக்கும். சப்பாத்து அணிந்த வெள்ளையர் அங்கேதான் வெல்வார்கள். கழகச் செயலாளர் சீ.ஏ. அஸீஸ் தம் வீரர்களை நனைந்த மைதானத்தில் சப்பாத்து அணிந்து விளையாடப் பழக்கினார். வங்காளத்தோடு நின்றுவிடாமல் குவெட்டா, பெங்களூர் எனத் தொலைவிடங்களிலிருந்தும் திறமைசாலிகளைத் தேடிச் சேர்த்தார். குவெட்டாவின் ஜும்மா கானும் வங்காளத்து வீரரும் ஒரே நிற உடையில் ஓடினார்கள். பெயர் ஒரு சமூகத்தினுடையது; அணியோ பல மொழி பேசியது.

அவ்வணியின் முஹம்மது ஸலீம் 1936இல் ஸ்கொட்லாந்து சென்று செல்டிக் கழகத்தின் இரண்டாம் அணிக்கு இரண்டு போட்டிகளில் விளையாடினார். காலில் துணிக்கட்டு மட்டும், சப்பாத்து இல்லை. அங்குள்ள பத்திரிகைகள் வியந்து எழுதின. ஊர் நினைவு வாட்ட, அவர் திரும்பிவிட்டார். அந்தச் செல்டிக்கும் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த கத்தோலிக்கர் 1887இல் அமைத்த கழகம் என்பதை இங்கு நினைக்கவேண்டும்.

1940 டிசம்பரில் டில்லியில் டியூரண்ட் கிண்ண இறுதிப் போட்டி. எதிரணி ரோயல் வார்விக்ஷயர் படைப்பிரிவு. மத்தியஸ்தம் வகித்தவர் ஹர்னாம் சிங் என்ற இந்தியர். முஹம்மதன் 2-1 என வென்றது. அக்கிண்ணத்தை வென்ற முதல் இந்திய அணி அதுவே.

ஆனால் அதே ஆண்டுகளில் நாட்டின் அரசியல் மதத்தின் பேரால் பிளந்துகொண்டிருந்தது. மைதானமும் தப்பவில்லை. ஒரு தரப்புக்கு இந்தியரின் வெற்றியாகத் தெரிந்தது இன்னொரு தரப்புக்கு முஸ்லிம்களின் வெற்றியாக மட்டும் தெரிந்தது. 1947இல் நாடு பிரிந்தது. ரசிகர்களில் பலர் கிழக்கு வங்காளம் போய்விட்டார்கள். எஞ்சியிருந்தோரின் கழகம் 1948இல் மீண்டும் லீக் சம்பியனானது. 'நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்' என்று சொல்வதற்கு அவர்களிடம் அந்தப் பந்தும் இருந்தது.

காலப்போக்கில் கழகத்தின் கதவு அகன்றது. 1980இல் சுரஜித் சென்குப்தா கறுப்பு வெள்ளை ஜேர்சி அணிந்தார். 1985இல் நைஜீரியரான சீமா ஒகோரி வந்தார். 1981க்குப் பின் நாற்பது ஆண்டுகள் கிட்டாத லீக் பட்டம் 2021இல் கிடைத்தது. 2024இல் ஐ-லீக்கையும் வென்று, இந்தியாவின் உயர்மட்டத் தொடரான ஐ.எஸ்.எல்.இல் நுழைந்தார்கள். முதல் பருவத்தில் கடைசி இடமே கிடைத்தது. பெயர் இன்றும் மாறவில்லை.

'சப்பாத்து' என்ற சொல்லை நமக்குத் தந்த போர்த்துக்கேயரின் இன்னொரு கதையையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பிரேஸிலின் ரியோ நகரில் போர்த்துக்கேயக் குடியேறிகள் 1898இல் அமைத்த கழகத்துக்கு வாஸ்கோ ட காமா என்று பெயர். 1502இல் மக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர் கப்பலை எரித்த அதே காமாதான். அந்தப் பெயரைத் தாங்கிய கழகமே 1923இல் கறுப்பினத்தவரையும் கூலித் தொழிலாளரையும் சேர்த்து ரியோவின் சம்பியனானது. செல்வந்தக் கழகங்கள் பொறுக்கவில்லை. புதிய சங்கம் அமைத்து, பன்னிரண்டு வீரர்களை நீக்கினால்தான் இடமென்றார்கள். நிலையான தொழில் இல்லை, எழுத்தறிவு இல்லை என்பவையே அவர்கள் சொன்ன குறைகள். 1924 ஏப்ரலில் கழகத் தலைவர் கடிதம் எழுதினார்: வீரர்களை விடமாட்டோம், உங்கள் சங்கம் எங்களுக்கு வேண்டாம்.

இருபது வருடமாக எழுத்தறிவிப்பவன் நான். எழுத்தறிவை ஒருவனை வெளியே நிறுத்தும் பூட்டாக்கிய செய்தி என்னைச் சுடுகிறது.

நம் கொழும்பிலும் கழகங்கள் இனப்பெயரோடுதான் பிறந்தன. தமிழ் யூனியன் 1899. சிங்கள விளையாட்டுக் கழகமும் 1899. மூர்ஸ் கழகம் 1908. ஆயினும் குருநாகல் மண்ணின் ரங்கன ஹேரத் மூர்ஸ் கழகத்துக்கும் தமிழ் யூனியனுக்கும் பந்து வீசினார். பெயர்ப்பலகை அப்படியே இருக்க, உள்ளே ஆட்கள் மாறிக்கொண்டார்கள்.

ஆகவே சமூகப் பெயர் வைப்பது குற்றமென்று நான் சொல்லமாட்டேன். வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் தம் பெயரை உரத்துச் சொல்லித்தான் உள்ளே வரவேண்டியிருந்தது. 1934இல் கல்கத்தாவில் அது தேவையாயிருந்தது. முந்தல் மைதானத்தில் எங்களை யாரும் வெளியே நிறுத்தவில்லை. இங்கே அந்தப் பெயர் வந்தால் வெளியே நிற்கப்போவது உடப்புப் பையன்தான். முஹம்மதன் கழகத்தின் கதையைச் சரியாகப் படித்தால் நாம் அவன் பக்கமே நிற்கவேண்டும்.

நான் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னர், முதலில் 'முஸ்லிம்' என்று கேட்டவனே படிவத்தை எடுத்து, பெயருக்கான கோட்டில் ஊரின் பெயரை எழுதினான். எல்லோரும் ஒப்பமிட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் ஒருவன் பேனையைப் பிடித்துத் தயங்கினான். உடப்புப் பையன் படிவம் நகராமல் பிடித்துக்கொண்டான். அவன் தன் பெயரை எழுத்தெழுத்தாக எழுதி முடிக்கும் வரை அனைவரும் காத்திருந்தோம்.