தணல் காத்தவர்கள்

அரபி மத்ரஸாக்களில் அணியியலாகிய பலாகா ஓதியவர்கள் அனைவரும் 'கதீருர் ரமாத்' என்னும் தொடரைக் கடந்தே வந்திருப்பர். 'சாம்பல் மிகுதியாக உடையவன்' என்பது அதன் நேர்ப்பொருள். ஒருவரைப் புகழ இப்படியும் ஒரு சொல்லா என்று முதன்முறை கேட்கும் மாணவர்கள் சிரிப்பார்கள். சாம்பல் மிகுந்திருந்தால் விறகு மிகுதியாக எரிந்திருக்க வேண்டும். விறகு எரிந்திருந்தால் சமையல் பெருகியிருக்க வேண்டும். சமையல் பெருகியிருந்தால் உண்போர் பலராக இருந்திருக்க வேண்டும். உண்போர் பலரென்றால் விருந்தினர் வந்தவண்ணம் இருந்தனர் என்றாகும். ஆகவே அவர் பெருங்கொடையாளர். இவ்வாறு படிப்படியாக ஏறிச் சென்று பொருள் கொள்வதற்குக் 'கினாயா' என்று பெயர்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பாடத்தை நாம் நடத்திக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஸ்ரத், புகழ் வீட்டுக்காரருக்குப் போய்விட்டது. அந்தச் சாம்பலை அள்ளியவர் யார்?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆனால், கேள்விக்கு விடை நம்மிடம் இல்லை. பின்னர், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 'பார்பெக்யூ' என வழங்கும் சமையல் முறையின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோது அக்கேள்வி மீண்டும் நம் முன் வந்து நின்றது.

பார்பெக்யூ என்றவுடன் இறைச்சியைத் தீயில் வாட்டுவது என்றே பலர் எண்ணுகின்றனர். தென் மாநிலத்தார் அதனை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சுவாலையில் வாட்டுவது வேறு; தணலின் மெல்லிய வெப்பத்திலும் புகையிலும் பல மணிநேரம் வைத்துப் பதப்படுத்துவது வேறு. இரண்டாவதற்கே அவர்கள் அப்பெயரைத் தருவர். அங்கே அவ்வாறு சமைக்கப்படுவதில் பெரும்பங்கு நமக்கு ஆகாத பன்றி இறைச்சி என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் டெக்சாஸில் மாட்டிறைச்சியும், கென்டக்கி மாநிலத்து ஓவன்ஸ்பரோ நகரில் ஆட்டிறைச்சியும் பேர்பெற்றவை. நாம் இங்கு ஆராய்வது மேலே கிடப்பதை அன்று, கீழே கனல்வதையே என்பதால் வாசகர்கள் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை.

சொல்லின் பிறப்பிடம் கரிபியன் தீவுகள். அங்கு வாழ்ந்த தைனோ மக்கள் கழிகளால் அமைத்த உயரமான பரணை 'பார்பக்கோவா' என்றனர். அதன்மேல் உறங்கினர், தானியத்தை வைத்தனர், அடியில் நெருப்பிட்டு மீனையும் இறைச்சியையும் மெல்ல வாட்டினர். ஒவியெதோ என்னும் ஸ்பானிய வரலாற்றாசிரியர் 1526இல் அச்சிட்ட நூலில் இச்சொல் காணப்படுகிறது. அதற்கும் முன்னரே, 1494இல் கொலம்பஸின் ஆட்கள் கியூபாவின் குவாண்டனாமோ விரிகுடாவில் கரையிறங்கியபோது, மீன்களும் இகுவானா என்னும் பெரும் பல்லிகளும் நெருப்பின்மேல் வெந்துகொண்டிருந்தன. சமைத்தவர்கள் அஞ்சி ஓடிவிட்டனர். வந்தவர்கள் மீனைத் தின்றனர், பல்லியைத் தொடவில்லை. இதைப் படித்தபோது ஹதீஸில் வரும் 'ளப்பு' என்னும் உடும்பு போன்ற பிராணி நம் நினைவுக்கு வந்தது. சுடப்பட்ட ளப்பு முன்வைக்கப்பட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அது விலக்கப்பட்டதா என்று வினவப்பட்டபோது இல்லை என்றும், தம் மக்களின் நாட்டில் அது இல்லாததால் தமக்கு விருப்பமில்லை என்றும் கூறினார்கள். அருகில் இருந்த காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் அதனை உண்டார்கள். ஒருவர் உண்பதை மற்றவர் இழிவுபடுத்தாமல் விலகியிருக்கும் அந்தப் பண்பு குவாண்டனாமோ கரையில் இறங்கியவர்களிடம் இருந்திருந்தால், தைனோ மக்களின் கதை வேறாக இருந்திருக்கும்.

இனித் தணலுக்கு வருவோம். விறகு எரியும்போது முதலில் ஈரம் வெளியேறுகிறது. பின்னர் மரத்திலிருந்து கிளம்பும் ஆவிகள் தீப்பற்றிச் சுவாலையாகின்றன. அந்த ஆவிகள் முற்றும் எரியாதபோது அடர்ந்த வெண்புகை எழுகிறது. அப்புகை இறைச்சியில் படிந்தால் கசப்பேறும். ஆவி அடங்கியபின் எஞ்சுவது கரி. அது சுவாலையின்றித் தன் மேற்பரப்பில் செந்நிறமாகக் கனல்கிறது. நம் மொழி இதனைத் தணல் என்றும், தனித்தனித் துண்டுகளைக் கங்கு என்றும் பிரித்து வழங்குகிறது. அரபியிலும் கரிக்கு 'ஃபஹ்ம்', கனலும் கங்குக்கு 'ஜம்ர்' என வெவ்வேறு பெயர்கள் உள்ளன. பாலைவனத்தில் 'களா' என்றொரு செடி உண்டு. நம் ஊர்க் களாச்செடி அன்று. இலையே இல்லாததுபோல் தோன்றும் மணற்காட்டுப் புதர். அதன் கங்கு நெடுநேரம் அவியாதிருப்பதால், ஆறாத வேதனைக்கும் அடங்காத ஏக்கத்துக்கும் 'களாவின் கங்கு' என்பது அரபியரிடையே உவமையாயிற்று.

எந்த மரமும் ஆகும் என்பதில்லை. ஹிஜ்ரி 623இல், அதாவது 1226இல், முஹம்மத் இப்னு ஹசன் அல்பக்தாதி என்பவர் 'கிதாபுத் தபீக்' என்ற சமையல் நூலை எழுதினார். மங்கோலியர் பக்தாதை அழிப்பதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முற்பட்ட நூல். சமைப்பவர் காய்ந்ததும், கண்ணைக் கரிக்கும் புகை எழாததுமான விறகைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒலிவமும் கருவாலியும் நல்லவை. அத்திமரத்தைக் குறிப்பாகத் தவிர்க்க வேண்டும். சாறு மிகுந்த மரம் எதுவும் ஆகாது என்று அவர் அறிவுறுத்துகிறார். அமெரிக்கத் தென்பகுதிச் சமையற்காரர்கள் அந்நூலைக் கண்டவர்கள் அல்லர். ஆயினும் அவர்களும் கருவாலியையும் ஹிக்கரி என்னும் வன்மரத்தையும் நாடினர். பிசின் வழியும் பைன் மரத்தை ஒதுக்கினர். நெருப்பு எல்லா நாட்டாருக்கும் ஒரே பாடத்தைத்தான் நடத்துகிறது போலும்.

அவர்கள் முறை இது. முதலில் நீண்டதொரு பள்ளம் வெட்டுவர். அதன் குறுக்கே பச்சைக் கழிகளைப் பரப்பி, அவற்றின்மேல் இறைச்சியை வைப்பர். ஆனால் விறகைப் பள்ளத்தில் எரிப்பதில்லை. சற்றுத் தள்ளித் தனியே ஒரு பெருந்தீ மூட்டி, கட்டைகளை அங்கேயே எரியவிட்டு, சுவாலை அடங்கிக் கங்காகி உதிர்ந்தவற்றை மட்டும் மண்வாரியால் அள்ளிவந்து இறைச்சியின் கீழ்ப் பரப்புவர். பிற்காலத்தில் அத்தீக்கு இரும்புப் பீப்பாய் வந்தது. உள்ளே குறுக்குக் கம்பிகள். மேலே கட்டைகள் எரியும். கங்குகள் கம்பிகளிடையே கீழே விழும். அடியில் வெட்டிய வாயில் வழியாக அவற்றை அள்ளுவர். தாய்நெருப்பு ஒருபோதும் அணையலாகாது. பள்ளத்தில் தணல் தளரும்போது கொண்டுவரப் புதுக்கங்கு ஆயத்தமாக இராவிடில், அவ்விரவின் உழைப்பு முழுதும் வீணாகிவிடும்.

பரப்புவதிலும் கணக்குண்டு. தடித்த தொடைக்கும் தோளுக்கும் அடியில் கூடுதலாகவும், மெலிந்த நடுப்பகுதிக்கு அடியில் குறைவாகவும் தணல் இடவேண்டும். கொழுப்பு உருகி நேராகக் கங்கின்மேல் கொட்டினால் தீப்பற்றும். உடனே நீர் தெளித்து அடக்கவேண்டும். இறைச்சியைச் சூழ்ந்த காற்று ஏறத்தாழ 105 முதல் 120 பாகை செல்சியஸ் அளவில் இருப்பது பதம். வெப்பமானி இல்லாத காலத்தில், இறைச்சி கிடக்கும் உயரத்தில் உள்ளங்கையை நீட்டி எத்தனை எண்ணும் வரை பொறுக்க முடிகிறது என்று பார்த்தனர். கடினமான தசைநார் இளகுவதற்கு அவ்வளவு மென்சூடும் பன்னிரண்டு மணிநேரமும் அதற்கு மேலும் தேவை. ஆகவே தணல் காப்பது என்பது இரவு முழுதும் விழித்திருப்பதாகும்.

விழித்திருந்தவர்கள் யார்?

வர்ஜீனியா, கரோலினா, ஜார்ஜியா முதலிய இடங்களில் நிலப்பிரபுக்கள் நூற்றுக்கணக்கானோரை அழைத்து பார்பெக்யூ விருந்தளிப்பது பதினெட்டாம் நூற்றாண்டில் பெருவழக்காயிற்று. ஜார்ஜ் வாஷிங்டன் 1773 செப்டம்பரில் தாமே அளித்த ஒரு விருந்தைத் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். 1793 செப்டம்பர் 18ஆம் நாள் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அவர் அடிக்கல் நாட்டியபோது, 500 பவுண்டு எடையுள்ள காளை தணலில் வாட்டப்பட்டதாகப் பத்திரிகைச் செய்தி கூறுகிறது. காளையின் எடையை எழுதியவர்கள் தணல் காத்தவர்களின் பெயரை எழுதவில்லை. தென் மாநிலங்களில் பள்ளம் வெட்டியவர்களும், மரம் பிளந்தவர்களும், இரவெல்லாம் கங்கு அள்ளியவர்களும் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு அடிமைகளாக்கப்பட்ட மக்களே. தைனோ மக்களின் பரணும் ஐரோப்பியரின் கால்நடையும் அவர்கள் கையில் சேர்ந்துதான் இக்கலை உருவாயிற்று.

அவர்களுள் ஒருவருடைய வாய்மொழி நமக்குக் கிடைத்திருக்கிறது. 1930களில் அமெரிக்க அரசு எழுத்தாளர்களை அனுப்பி, முன்னாள் அடிமைகளாக இருந்த முதியவர்களின் நினைவுகளைத் திரட்டியது. தென் கரோலினாவில் 97 வயதான வெஸ்லி ஜோன்ஸ் என்பவர், விருந்துக்கு முந்தைய இரவு முழுதும் தாம் விழித்திருந்து சமைத்த விதத்தைச் சொன்னார். வினிகர், கருமிளகு, செம்மிளகாய், உப்பு, வெண்ணெய், கொத்தமல்லி, வெங்காயம், பூண்டு முதலியன சேர்ந்த குழம்பை, நீண்ட கழியின் நுனியில் சுற்றிய துணியால் இறைச்சிமீது பூசிக்கொண்டே இருப்பாராம். அது சொட்டுச் சொட்டாகத் தணலில் விழ, வெறும்புகை மணப்புகையாக மாறி மீண்டும் இறைச்சியில் ஏறுமாம். புகையின் சுவை எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நாம் எந்நூலிலும் காணவில்லை. பூசுகின்ற மசாலாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் சமையல் நூல்கள் சொட்டு விழும் இடத்தை மறந்துவிடுகின்றன.

1865இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தபின் இக்கலை அறிந்தோர் ஊர் ஊராகப் பரவினர். டென்னசியில் பிறந்த ஹென்றி பெர்ரி என்னும் கறுப்பினத்தவர் 1908 அளவில் கான்சாஸ் சிட்டியில், கருவாலி, ஹிக்கரிக் கட்டைகளில் புகையூட்டிய இறைச்சியைச் செய்தித்தாளில் பொதிந்து விற்றார். அந்நகரத்துப் பார்பெக்யூவின் தந்தை என்று இன்று அவரைக் கூறுவர்.

அடுத்து வந்தது ஆலைக்கரி. மரத்தூள் முதலியவற்றைக் கரியாக்கி அழுத்திக் கட்டியாக்கும் முறைக்கு 1897இல் எல்ஸ்வர்த் ஸ்வாயர் காப்புரிமை பெற்றார். 1920களில் ஹென்றி ஃபோர்டு, மிச்சிகனில் தம் மோட்டார் வண்டிகளுக்கு மரம் அறுத்தபின் எஞ்சிய கழிவைக் கொண்டு அத்தகைய கரிக்கட்டிகளைப் பெருமளவில் செய்து, வண்டி விற்ற கடைகளிலேயே விற்கலானார். 1951இல் அத்தொழில் கைமாறி, 'கிங்ஸ்ஃபோர்டு' என்ற பெயர் பெற்றது. 1952இல் சிகாகோப் பகுதியில் கடல் மிதவைகள் செய்த பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், மிதவைக்குரிய உலோகக் கோளத்தை இரண்டாக்கி, மூடியுள்ள அடுப்பொன்றை அமைத்தார். பள்ளம் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டது.

கருவி மாறினும் தணலின் இயல்பு மாறவில்லை. இன்று கரி மூட்டுவதற்கு இருபுறமும் திறந்த தகரக்குழாய் ஒன்று வைத்திருக்கிறார்கள். அடியில் காகிதம், மேலே கரி. காகிதம் எரிய, சூடான காற்று மேலேறிக் கீழிருந்து புதுக்காற்றை இழுக்கிறது. விசிறுவதற்கு ஆள் வேண்டியதில்லை. ஏறத்தாழ இருபது நிமிடத்தில் மேற்கரியின் விளிம்பில் வெண்ணீறு படரும். அப்போது கொட்டலாம். எண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது எளிது. ஆனால் அதன் வாடை முற்றும் நீங்குமுன் இறைச்சியை வைப்போர் விருந்தினரைச் சோதிக்கிறார்கள் என்றே சொல்வோம்.

மூட்டுவதைவிடக் காப்பதே அரிது. காற்று மிகுந்தால் கரி சீறிக் கனன்று விரைவில் தீர்ந்துவிடும். காற்று அற்றால் அவிந்துவிடும். எனவே மூடியுள்ள அடுப்பில் கீழ்த்துளையைச் சிறிது சிறிதாகத் திறந்து மூடி வெப்பத்தை ஆள்கிறார்கள். அடிக்கடி மூடியைத் தூக்கிப் பார்ப்பவருக்குத் தணல் அடங்காது. நெடுநேரச் சமையலுக்கு எரியாத கரியை நிறையப் பரப்பி, ஒரு மூலையில் மட்டும் சில கங்குகளை இட்டால், கனல் பக்கத்துக்குப் பக்கம் மெல்லப் பரவி இரவைக் கடத்திவிடும். நீறும் இருவகையில் வேலை செய்கிறது. கங்கின்மேல் மெல்லப் போர்த்தினால் சூட்டைக் காக்கும். 'நீறு பூத்த நெருப்பு' என்று நாம் சொல்வது அதுவே. அடியில் குவிந்தாலோ காற்றை அடைத்துவிடும். அதை அள்ளியே ஆகவேண்டும். புகையே தெரியாமல் கனலும் தணலும் கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சைக் கக்குகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடைத்த அறைக்குள் கரியடுப்பைக் கொண்டுபோய் உயிரிழந்தோர் பலர்.

கரோலினாவைப் பற்றி எழுதும்போது ஒருவரைக் குறிப்பிடாமல் செல்ல நம் மனம் இடம் தரவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூத்தா தோரோவில் பிறந்து, இருபத்தைந்து ஆண்டுகள் மார்க்கக் கல்வி பயின்ற உமர் இப்னு ஸயீத் 1807இல் அடிமையாகச் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்டார். அவர் பள்ளத்தருகே நின்று தணல் காத்தார் என்று நாம் கூறவில்லை. கொடிய எசமானனிடமிருந்து தப்பி ஓடிய அவர், 1810 அளவில் வட கரோலினாவின் ஃபாயெட்வில் நகரில் பிடிபட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே சாம்பலில் கிடந்த கரித்துண்டுகளை எடுத்து, அறைச் சுவரெங்கும் அரபியில் எழுதினார் என்று அக்காலத்தவர் குறித்துவைத்துள்ளனர். பின்னர் 1831இல் தம் வரலாற்றையே அரபியில் எழுதினார். அக்கையெழுத்துப் படி இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. விடுதலை பெறாமலேயே அவர் இறந்தார். சிறைச் சுவரில் கரியால் எழுதியதைக் காண ஊர் மக்கள் திரண்டு வந்தனராம். அவர்களுள் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.