தோட்டத்துக்கு ஒரு வண்டி: போனக்காட்டிலிருந்து டிட்ராய்ட் வரை

அமெரிக்காவில் நாலு காசு சேர்ந்ததும் நம்ம ஆட்களுக்கு வரும் வியாதி, நிலம் வாங்குவது. நண்பர் ஒருவர் மிச்சிகனின் வடக்கே இருபது ஏக்கர் வாங்கிப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "விறகு ஏத்தணும், வேலி பாக்கணும், லீவுல பசங்களோட சுத்தணும். எந்த வண்டி வாங்கலாம், சொல்லுங்க." கார் கம்பெனியில் குப்பை கொட்டுகிறவனிடம் இதைக் கேட்டால் ஒரு வரியில் பதில் வருமா? :-) அவருக்குச் சொன்னதை விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்விக்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு. என்னைப் பொறுத்தவரை அது போனக்காட்டில் தொடங்குகிறது.

போனக்காடு தெரியாதவர்களுக்கு: திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறினால் கிட்டத்தட்ட அறுபது கிலோமீட்டர். 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு நடக்கிறவர்கள் புறப்படும் இடம். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துத் தேயிலைத் தோட்டம். கொழுந்து பறித்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். விதுராவில் எங்கள் அத்தை வீடு இருந்ததால் பள்ளிக்கூட லீவில் மேலே போயிருக்கிறேன். அந்த வளைவுகளில் பஸ் திணறும்போது, பின்னால் கதவே இல்லாத ஜீப் ஒன்று ஆளும் மூட்டையுமாக உறுமிக்கொண்டு முந்திப் போகும். வண்டி என்றால் அதுதான் வண்டி என்று மனதில் பதிந்துவிட்டது.

ஜீப் வருவதற்கு முன்னால் மலைத்தோட்டங்களில் சரக்கு எப்படி இறங்கியது? தலைச்சுமை, பொதிமாடு, மாட்டுவண்டி. மூணாறில் 1902-ல் ஒரு வினோதம் செய்தார்கள். ஒற்றைத் தண்டவாளம் போட்டு, ஒரு பக்கச் சக்கரம் தண்டவாளத்திலும் மறுபக்கச் சக்கரம் ரோட்டிலும் ஓட, காளைகளைப் பூட்டி இழுத்தார்கள். 1908-ல் அது நீராவி ரயில் ஆனது. டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் போகும் தேயிலை, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி போடி பக்கம் கோட்டக்குடியில் இறங்கும். 1924 பெருவெள்ளம் ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. தண்டவாளமும் வேண்டாம், நல்ல ரோடும் வேண்டாம், போகிற இடமெல்லாம் போகிற வண்டி ஒன்று வேண்டும் என்ற ஏக்கம் மலைக்காரர்களுக்கு இருந்திருந்தால் ஆச்சரியமில்லை.

அதைக் கொடுத்தது யுத்தம். 1940-ல் அமெரிக்க ராணுவம் கேட்ட சின்ன வண்டியை முதலில் செய்து காட்டியது பாண்டம் கம்பெனி. பெருமளவில் செய்து கொடுத்தவை வில்லிஸும் ஃபோர்டும். சுமார் ஒரு டன் எடை, 60 குதிரைத்திறன், நாலு சக்கரத்துக்கும் இழுவை, மேட்டில் மெதுவாக ஏற லோ கியர். அவ்வளவுதான். யுத்தம் முடிந்த 1945-லேயே வில்லிஸ் அதை விவசாயிகளிடம் கொண்டுபோனது. அந்த சி.ஜே.-2ஏ மாடலில் எஞ்சின் சக்தியை வெளியே எடுத்து ரம்பமும் பம்பும் ஓட்டலாம், கலப்பையும் இழுக்கலாம். டிராக்டர், பிக்கப், கார் மூன்றும் ஒன்றில் என்று விளம்பரம் செய்தார்கள். உண்மையைச் சொன்னால், உழவுக்கு டிராக்டர் அளவு வராது. சொகுசுக்குக் கார் அளவு வராது. ஆனால் மூன்றையும் வாங்க வசதியில்லாதவனுக்கு அது போதும்.

இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியின் தலைமை எஞ்சினியர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் பக்கம் ஆங்கில்சி தீவிலிருந்த தன் பண்ணையில் ராணுவம் கழித்த ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். நம்ம நண்பருடைய அதே கேள்விதான் அவருக்கும். அவர் கையில் கம்பெனியே இருந்தது என்பதுதான் வித்தியாசம்! 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வந்தது. இரும்புக்குத் தட்டுப்பாடு என்பதால் அலுமினியக் கலவையில் உடம்பு செய்தார்கள். துருப்பிடிக்காத அந்த உடம்பு மழைக்காட்டுக்கும் வசதியாகப் போனது.

நம்ம ஊருக்கு வருவோம். 1945-ல் இரும்பு வியாபாரத்துக்காகத் தொடங்கிய கம்பெனி மஹிந்திரா அண்ட் முகமது. பங்குதாரர் குலாம் முகமது பிரிவினையின்போது பாகிஸ்தான் போய், அங்கே முதல் நிதியமைச்சரானார். இங்கே 1948-ல் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக இறக்கிப் பம்பாயில் பூட்டத் தொடங்கி, பிறகு முழுசாக இங்கேயே செய்தார்கள். அமெரிக்கா மறந்துவிட்ட அந்த உருவத்தை நாம் பல பத்தாண்டுகள் விடவில்லை. பெட்ரோல் போய் டீசல் வந்தது, நீளம் கூடியது, பெஞ்சு சீட் வந்தது. அஞ்சு பேர் வண்டியில் பதினைந்து பேர் ஏறினார்கள்.

அமெரிக்காவில் பண்ணை வண்டி வேறு வழியில் போனது. 1970-களில் மூன்று சக்கர ஏ.டி.வி. பரவியது. குடை சாய்ந்து நிறையப் பேர், முக்கியமாகச் சிறுவர்கள், அடிபட்டுச் செத்ததால் 1988-ல் அதன் விற்பனை நின்றது. அதே 1988-ல் கவாசாகி 'மியூல்' என்று பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வண்டியைக் கொண்டுவந்தது. இன்று பண்ணைதோறும் நிற்பது அந்த ஜாதி. வேடிக்கை என்னவென்றால், 2018-ல் மஹிந்திரா இதே டிட்ராய்ட் பக்கம் ஆபர்ன் ஹில்ஸில் 'ராக்ஸர்' என்று ஒன்றை இறக்கியது. 62 குதிரைத்திறன் டீசல், கையால் போடும் கியர், இரும்புப் பெட்டி. பார்த்தால் சாட்சாத் நம்ம போனக்காடு ஜீப்! ஜீப் கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வழக்குப் போட்டார்கள். ஜீப்பின் தோற்றத்தை மீறுகிறது என்று 2020-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் சொல்ல, முகத்தை மாற்றவேண்டி வந்தது. பேரன் தாத்தா மாதிரி இருந்தது குற்றமாகிவிட்டது.

சரி, எதை வாங்குவது? மலை டிரைவர்கள் சொல்லும் ஒரே விதி: ஏறின கியரிலேயே இறங்கு. அதாவது, வண்டியை ஏற்றத்தில் சோதிக்காதே, இறக்கத்தில் சோதி. சுமையோடு இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் எஞ்சினே பிடித்து நிறுத்துகிறதா? அகலம் அதிகம், உயரம் கம்மி என்று நிற்கிறதா? மேலே உருள்கம்பி, இடுப்புக்கு பெல்ட் இருக்கிறதா? பக்கத்து ஊர் மெக்கானிக் ஸ்பானரோடு பிரித்துப் போடுவாரா? இத்தனைக்கும் பிறகுதான் குதிரைத்திறன். சமதரை என்றால் மியூல் ஜாதி போதும். செங்குத்து, சகதி, பாரம் என்றால் ஜீப் ஜாதி.

கடைசியாக ஒன்று. இந்த விளம்பரங்கள் எல்லாவற்றிலும் 'உங்கள் சொந்த நிலத்தில்' என்று ஒரு வார்த்தை வரும். போனக்காட்டில் ஜீப்புக்கு அதிகம் தேவைப்பட்டவர்கள் சொந்த நிலம் இல்லாதவர்கள். பிரசவம், பாம்புக்கடி, மாரடைப்பு எல்லாம் அந்த ரோட்டில்தான் கீழே இறங்கியாக வேண்டும். 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடும் மருத்துவமும் முதலாளி தரவேண்டியிருந்தது. ஆனால் அந்த வீடு வேலையோடு கட்டப்பட்ட வீடு. தோட்டம் நொடித்துப் போய், பல மாடி ஃபாக்டரி கண்ணாடி உடைந்து துருப்பிடித்து நின்றபோது, சம்பளமும் பாக்கியும் கைக்கு வராமலே பல குடும்பங்கள் ஒழுகும் லயங்களில் இருந்தன. டூரிஸ்டுகள் ஜீப் பிடித்து ஏறி பேய் பங்களா எங்கே என்று தேடினார்கள். அவர்களுக்கு வழி சொன்ன மனிதர்களுக்கு, மூணு தலைமுறை உழைத்த மண்ணில் ஒரு சென்ட் கூட எழுதிக் கொடுக்கப்படவில்லை.

வண்டி வாங்குவது ஒரு மத்தியான வேலை. அது ஓட ஒரு துண்டு நிலம் சொந்தமாக இருப்பதுதான் பெரிய விஷயம்.