சுருட்டிய பாய்

ஒரு பாய்க்கு வாழ்க்கை வரலாறு எழுதலாமா? காஞ்சிபுரத்தில் எழுதலாம். விரித்தால் பாற்கடல் முழுக்க விரியும், சுருட்டினால் கக்கத்தில் அடங்கும் பாய் அது. பெயர் ஆதிசேஷன், பெருமாளின் பாம்பணை.

அது முதலில் விரிக்கப்படுவது ஊழியில். புராணக் கணக்கில் கலியுகம் 4,32,000 ஆண்டு. துவாபரம் அதைப்போல் இரு மடங்கு, திரேதை மும்மடங்கு, கிருதம் நான்மடங்கு. நான்கும் சேர்ந்து 43,20,000. இப்படி ஆயிரம் சுற்று முடிந்தால் நான்முகனுக்கு ஒரு பகல்: 432 கோடி ஆண்டு. இரவும் அதே நீளம். அந்த இரவில் உலகமெல்லாம் தண்ணீருக்குள் ஒடுங்கிவிட, மிஞ்சுவது பாம்பும் அதன்மேல் படுத்திருப்பவரும் மட்டுமே. இப்போது கலி பிறந்து ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்டுதான் ஆகிறது; இன்னும் நாலேகால் லட்சத்துக்கு மேல் பாக்கி. 'கலி முத்திப்போச்சு' என்று அலுத்துக்கொள்கிறோமே, கணக்குப்படி அது இன்னும் தவழக்கூட ஆரம்பிக்கவில்லை.

பாய் காஞ்சிக்கு வந்தது ஒரு வீட்டுச் சண்டையால். பிரமன் கலைமகளை விட்டுவிட்டு வேள்வி தொடங்கினான். அவள் கோபித்துக்கொண்டு வேகவதி ஆறாகப் பாய்ந்து வந்தாள். வெள்ளத்துக்குக் குறுக்கே பெருமாள் படுத்து வேள்வியைக் காத்தார். ஊழி வெள்ளத்தில் மிதந்த படுக்கை இங்கே அணையாயிற்று. அந்த இடம்தான் திருவெஃகா. இது வெறும் தலபுராணம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையே வெஃகாவில் பாம்பணைமேல் கிடப்பவரைச் சொல்கிறது. பல்லவர் கற்கோயில் எழுப்புவதற்கு முன்பே பாய் விரித்தாயிற்று.

பிறகு ஒருநாள் அது சுருட்டப்பட்டது.

திருமழிசையாழ்வார் வெஃகாவில் இருந்த காலம். அவர் இருந்த இடத்தைப் பெருக்கி மெழுகிவந்த கிழவிக்கு ஆழ்வார் இளமையைத் திருப்பித் தந்தார். அவள் அழகில் மயங்கிப் பல்லவ மன்னன் மணந்துகொண்டான். ஆண்டுகள் போகப்போக அவனுக்கு நரை கூடியது; அவளுக்கு ஒரு முடிகூட வெளுக்கவில்லை. தனக்கும் அந்த இளமை வேண்டும் என்று ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனிடம் வந்து நின்றான். உன் குருவை அழைத்து வா என்றான், நடக்கவில்லை. நீயாவது என்னைப் பாடு என்றான். மனிதரைப் பாடுவதில்லை என்றார் கணிகண்ணன். அப்படியானால் ஊரை விட்டுப் போ என்றான் மன்னன்.

சீடர் போகிறார் என்று தெரிந்ததும் குரு எழுந்தார். எழுந்தவர் சும்மா போகவில்லை. உள்ளே படுத்திருந்தவரிடம், நாங்கள் போகிறோம், நீயும் இங்கே கிடக்க வேண்டாம், பாயைச் சுருட்டிக்கொண்டு வா என்றார். 432 கோடி ஆண்டு அசையாமல் துயில்பவர் மறுபேச்சின்றி எழுந்து, பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தார். ஊரே இருண்டது. மூவரும் அன்றிரவு தங்கிய இடம் பாலாற்றங்கரையில் இருக்கும் ஓரிக்கை. ஊருக்கு அந்தப் பெயர் வந்ததற்கும் அந்த ஓர் இரவையே காரணமாகச் சொல்கிறார்கள்.

பிரமனின் இரவில் பாய் விரிந்திருக்கும். ஓரிக்கை இரவில் சுருண்டிருந்தது. அன்று பெருமாள் எதன்மேல் படுத்தார், படுத்தாரா என்பதைப் பற்றிக் கதையில் பேச்சே இல்லை. என்னைக் கேட்டால், யுகக் கணக்கு முழுவதையும்விடக் கனமான இரவு இதுதான். அங்கே காலத்துக்கு முன் எல்லோரும் ஒடுங்குகிறார்கள். இங்கே ஒரு மாணவனுக்கு நேர்ந்த அவமதிப்புக்காகக் காலத்தின் படுக்கையே மூட்டை கட்டப்படுகிறது.

மன்னன் ஓடிவந்து காலில் விழுந்தான். கணிகண்ணன் திரும்பினார், ஆழ்வார் திரும்பினார், பாயும் திரும்பியது. சொன்னபடி கேட்டதால் பெருமாளுக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயர், வடமொழியில் யதோக்தகாரி. போய்வந்ததற்கு அடையாளமாக, பெரும்பாலான தலங்களில் கிடப்பதற்கு எதிர்ப்பக்கமாக இங்கே படுத்திருக்கிறார். ஆண்டுதோறும் ஆழ்வாரின் நட்சத்திரமான தை மகத்தில் உற்சவர் ஓரிக்கைக்கு எழுந்தருளுகிறார். மூலவரும் பாயும் சந்நிதியிலேயே இருந்துவிடுகிறார்கள். ஒருமுறை நடந்தது போதும் போலிருக்கிறது.

இது எப்போது நடந்தது? குருபரம்பரைக் கணக்கில் ஆழ்வார் துவாபர யுகத்தில் பிறந்து 4,700 ஆண்டு வாழ்ந்தவர். ஆய்வாளர்களோ அவர் பாடலில் வரும் குணபரன் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு மகேந்திரவர்மன் காலத்துக்கு, ஏழாம் நூற்றாண்டுக்கு வருகிறார்கள். காஞ்சியில் இரண்டு கடிகாரமும் சேர்ந்தேதான் ஓடுகின்றன.

கலியுகத்தில் பாயே பக்தராகிவிட்டது. காஞ்சியின் இன்னொரு பெருமாளான வரதராஜரைக் கிருத யுகத்தில் பிரமனும், திரேதையில் கஜேந்திரனும், துவாபரத்தில் பிரகஸ்பதியும், கலியில் அனந்தன் என்னும் ஆதிசேஷனும் வழிபட்டதாகத் தலவரலாறு. அந்த அனந்தன் பெயரில்தான் கோயில் குளம், அனந்தசரஸ். அதன் நீராழி மண்டபத்தின் அடியில் அத்திமர வரதர் படுத்திருக்கிறார். நீருக்குள் மரம் மக்காதா? காற்றுப் படாத நீருக்குள் மரத்தை அரிக்கும் பூஞ்சை பிழைப்பது கடினம். 1979க்குப் பிறகு வரதர் வெளியே வந்தது 2019இல். ஜூலை 1 அன்று தரிசனம் தொடங்கி, விழா 48 நாள் நடந்தது. ஜூலை முழுக்கக் கிடந்த கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். கூட்டத்தைச் சமாளிக்கப் போட்ட தற்காலிகப் பேருந்து நிலையங்களில் ஒன்று ஓரிக்கையில் இருந்தது. மறுபடி வெளியே வருவது 2059இல்.